மைக்கம்மாவின் தட்டும் தராசுக்காரரின் முள்ளும்

தராசுக்காரர் என்றதும் தராசு செய்து விற்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எடை ஆய்வாளர். கடை கடையாக ஏறி, தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறதா, படிக்கல்லைக் குடைந்திருக்கிறார்களா என்று பார்த்து முத்திரை போடுகிற உத்தியோகம். அவர் தெருமுனையில் தலைகாட்டினாலே கடைக்காரர்கள் படிக்கல்லை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த உத்தியோகம் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வருகிற சாதியில்லை. வீட்டுக்குள்ளும் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. வாங்கி வந்த சோப்பை எடை போடுவார். யாருக்காவது ஜுரம் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார். தெர்மாமீட்டர் எங்கே என்று அலமாரியை உருட்டுவார். கண்ணையும் காதையும் நம்பாத மனுஷன். கருவி சொன்னால்தான் வேதவாக்கு.

அவர் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்லிச் சொல்லியே ஊருக்கெல்லாம் மைக்கம்மா ஆகிவிட்டாள். அந்த மைக்கம்மாவுக்கு இப்போது பணி ஓய்வு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் குரலை நிலையத்தார் ஓர் இசைத்தட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். இருப்பதே அந்த ஒரு தட்டுதான். ஞாயிற்றுக்கிழமை விழாவில் அதைப் போட வேண்டும் என்று நிலைய அதிகாரிக்கு ஆசை. "உங்க வீட்டுலதான் ரெக்கார்டு பிளேயர் இருக்கே சார்" என்று தட்டைத் தராசுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்.

கொடுத்தாரா, பிடித்தது சனி!

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தார். மைக்கம்மாவின் இளங்குரல் கணீரென்றுதான் வந்தது. ஆனால் 'எக்ஸ்பிரஸ்' என்கிற இடத்தில், சுடுகல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். 'சிறிது நேரத்தில்' என்றால் இன்னொரு சீறல். தராசுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. அத்தனை பேர் கூடியிருக்கிற சபையில் தன் பெண்டாட்டியின் குரல் இப்படி ஒலித்தால் மானம் என்ன ஆவது? அவருக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம். அதை வாயால் சொல்லிப் பழக்கம் இல்லாததால், திருப்புளியை எடுத்தார்.

முதலில் முள்ளைச் சந்தேகப்பட்டார். லென்ஸ் வைத்துப் பார்த்தார், தூசி. மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தார். பிறகு முள்ளைத் தாங்கும் கைக்கு வந்தார். கோடு போட்ட அட்டையைத் தட்டின் இடத்தில் வைத்துப் பார்த்தால், முள் இருக்கிற கார்ட்ரிட்ஜ் கோணலாகப் பூட்டியிருந்தது. "மாட்டினியா!" என்று, திருட்டுப் படிக்கல்லைப் பிடித்த சந்தோஷத்தோடு அதை நேராக்கினார். வீட்டில் இருந்த மற்ற பாட்டுத் தட்டுகளைப் போட்டார். அடடா! சீறல் போன இடம் தெரியவில்லை. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்.

மைக்கம்மாவின் தட்டைப் போட்டார். உஸ்ஸ்.

இங்கேயே ஒரு மனுஷனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். மற்ற தட்டெல்லாம் ஒழுங்காகப் பாடுகிறது, ஒன்று மட்டும் சீறுகிறது என்றால் கோளாறு மெஷினில் இல்லை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இவருக்குத் தட்டவில்லை. மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடுங்கி வந்து முள்ளுக்கு அடியில் வைத்து, சாய்ந்திருக்கிறதா என்று தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தார். கையை உள்பக்கம் இழுக்கிற விசைக்கு ஈடுகட்டும் திருகைத் திருகினார். முள்ளின் அழுத்தத்தைக் குட்டித் தராசில் நிறுத்தார். கார்ட்ரிட்ஜ் வந்த பெட்டியில் அச்சிட்டிருந்த கணக்கு அப்படியே இருந்தது.

மைக்கம்மா பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னங்க, சரியாத்தானே இருக்கு? சும்மா போட்டுச் சித்திரவதை பண்ணாதீங்க."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ஸ் வர்ற இடத்துல பல்லு கூசுது."

"யார் பல்லு?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது இவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை அவருக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. வாழ்நாளெல்லாம் எடையில் கை வைத்தவர்களைப் பிடித்தவர், கதவைச் சாத்திக்கொண்டு தானே எடையில் கை வைத்தார். முள்ளின் அழுத்தத்தைக் கணக்குக்கு மேல் ஏற்றினார். முள் தாங்கும் கையின் பின்பக்கத்தைத் தாழ்த்தினார். போதாதென்று ஆம்ப்ளிஃபயரில் கீச்சொலிக் குமிழை அடியோடு குறைத்தார். தட்டு சுழன்றது. சீறல் இல்லை! தராசுக்காரர் தம் முதுகைத் தாமே தட்டிக்கொள்ளாத குறை.

ஞாயிற்றுக்கிழமை, நிலையத்துக் காத்திருப்பு அறை நிரம்பி வழிந்தது. மெஷினைத் தூக்கிவந்து, வீட்டில் வைத்தபடியே எல்லாம் வைத்து, தட்டைப் போட்டார். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது. கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"யாரு சார் இது?" என்றார் நிலைய அதிகாரி. "தட்டு மாறிப்போச்சா?"

"இல்லையே. அவங்க குரல்தான். ஒரு சீறல் இருந்துச்சு, கஷ்டப்பட்டு எடுத்துட்டேன்" என்றார் தராசுக்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

"ஐயையோ! அதையா எடுத்தீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் அதிகாரி. "அது மைக்கம்மாவோட முன்பல் சந்து சார்! அந்த விசில் வந்தாத்தானே தூங்கிட்டிருக்கிறவன்கூட எழுந்து பெட்டியைத் தூக்குவான்!"

அறையே சிரித்தது. தராசுக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவளும்தான் சிரித்தாள், அந்தச் சந்து பளிச்சென்று தெரிய. கல்யாணமான நாள் முதல் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம்! அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குள் இன்னொரு நினைப்பு வந்து நெஞ்சைக் கவ்வியது. அவ்வளவு அழுத்தம் வைத்து ஓட்டினோமே, முள் தட்டின் வரிப்பள்ளத்தைச் சுரண்டியிருந்தால்? இருப்பதே ஒரு தட்டு. அவள் குரலைத் தம் கையாலேயே வழித்தெடுத்துவிட்டோமா?

முள்ளின் எடையைப் பழைய கணக்குக்குக் கொண்டுவந்தார். முள் தாங்கும் கையை மட்டமாக்கினார். குமிழைத் திருப்பி வைத்தார். முள்ளை இறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"பயணிகள் கவனத்திற்கு. எக்ஸ்ஸ்பிரஸ்ஸ்…"

கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. பின்வரிசையில் ஒரு போர்ட்டர் பழக்க தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். தராசுக்காரர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

மைக்கம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"சொன்னேனே. உங்க காதுகிட்டயே நின்னு தினமும் சொன்னேன். நீங்க மெஷினைத்தானே கேட்டுக்கிட்டிருந்தீங்க."

அவர் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்: "இப்ப ஏதாவது சொல்லேன்."

"என்னத்தைச் சொல்ல?"

"எதையாவது. நான் கேக்கிறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரியான அசடு" என்றாள்.

ரெண்டு இடத்தில் விசிலடித்தது. அவர் கேட்டார்.