மட்கார்டில் இருந்த பெயர்

உபதேசியார் லூர்துராஜுக்குப் பேய், பிசாசு என்ற பேச்சே ஆகாது. கள்ளக்குறிச்சியில் வீடு, ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கல்வராயன் மலைமேல் மூன்று ஊர்களுக்கு ஏறிப் போய் செபம் சொல்லிக் கொடுப்பவர். பங்குச்சாமியார் வர முடியாத ஊரில் குழந்தையின் நெற்றியில் சிலுவை போடுவதும், குழிமேட்டில் நின்று செத்தவருக்கு மன்றாட்டு படிப்பதும் அவர் வேலை. மலையில் யாராவது "புளியமரத்தாண்ட எதுவோ நிக்குதுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "செத்தவன் ஆண்டவர்கிட்ட போயிட்டான். மரத்தாண்ட வந்து நிக்க அவனுக்கு வேற வேல இல்லியா?" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பஸ்ஸிலும் நடையிலுமாகவே காலம் ஓடியது. ஐம்பத்தொரு வயதில் முழங்கால் கைவிட்டது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் ஏற்றம் நடந்தால் மறுநாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் லூர்துராஜை அவர் மனைவி தெரசாவாலேயே ஒரு நாளைக்கு மேல் தாங்க முடியாது. அதனால் துருகம் சாலையில் பழைய வண்டிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்தி விற்கும் ஷோரூமுக்கு இருவரும் போய், ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிளை வாங்கினார்கள். 'முப்பது நாளில் கோளாறு என்றால் வேறு வண்டி' என்று வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். மேனேஜர் தமிழழகன், முப்பது வயது இருக்கும், வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, கதவு அளவு அட்டைச் சாவியை அவர் கையில் கொடுத்து, முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என்று போட்டோ எடுத்தான்.

வண்டி பட்டு மாதிரி ஓடியது. ஒரே ஒரு உறுத்தல்தான். பின் மட்கார்டில் மஞ்சள் எழுத்தில் 'அமுதா' என்று ஒட்டியிருந்தது. தெரசாவின் புருஷன் அமுதாவை ஒட்டிக்கொண்டு மலைக்கும் கோயிலுக்கும் போய்வந்தால் ஊர் சும்மா இருக்குமா? அன்று சாயங்காலமே மண்ணெண்ணெயும் பிளேடுமாக உட்கார்ந்து சுரண்டிவிட்டார். 'அமு' சுலபமாக வந்துவிட்டது. 'தா' மட்டும் வெகுநேரம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மறுநாள் பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார், தெரசா ஹேண்டில்பாரில் ஒரு ஜெபமாலையைக் கட்டினாள்.

முதல் புதன்கிழமை. காலை ஏழு மணிக்குக் கச்சிராயபாளையத்தைத் தாண்டும்போது வண்டி கொஞ்சம் கனத்தது. பின் டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று இறங்கி அமுக்கிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. கோமுகி அணையைக் கடந்து மலை ஏறத் தொடங்கினார். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது வளைவில், கைப்பிடிச் சுவர் உடைந்து ஒற்றையடிப் பாதை ஒன்று கீழே இறங்கும் இடத்தில், எஞ்சின் நின்றது.

விக்கவில்லை, திணறவில்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் நின்றது. பனி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அப்போது பின்சீட்டின் ஸ்பிரிங் 'கிரீச்' என்றது. வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. பின்னால் உட்கார்ந்து வந்தவர் இறங்கினால் வண்டி எப்படித் தூக்கிக் கொடுக்கும், அப்படி. லூர்துராஜ் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. கிக்கரை மிதித்தார். முதல் மிதியிலேயே வண்டி கிளம்பியது. மேலே போகும்போது இறகு மாதிரி லேசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் அதே இடம், அதே சத்தம். அடுத்த புதனும். சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவைத்துப் பார்த்தார். ஒரு முழம் முன்னே பின்னே இல்லை. இறங்கும்போது மட்டும் எந்தத் தொந்தரவும் கிடையாது. பெட்ரோல் மிச்சம் என்று மலை உச்சியிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கைப் பிடித்தபடி உருட்டிக்கொண்டே அடிவாரம் வந்து சேர்வது அவர் வழக்கம். ஓடாத எஞ்சின் எங்கே நிற்கும்?

பயந்துவிட்டார். அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது, லூர்துராஜ் பயந்துதான் போனார். புதன்கிழமை வருகிறது என்றாலே செவ்வாய்க்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை. யாரிடம் சொல்வது? ஊருக்கெல்லாம் பேய் இல்லை என்று சொன்ன வாயாயிற்றே. முப்பது நாளுக்குள் வண்டியை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மலை வேலையை விட்டுவிட வேண்டும். அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பதினோராவது நாள் ஷோரூமுக்குப் போனார்.

"இன்னா சார் கம்ப்ளைண்ட்?" என்றான் தமிழழகன்.

"நாலாவது வளைவுல நின்னுடுது தம்பி."

"எல்லா வண்டியும் எங்கியாவது நிக்கத்தான் சார் செய்யும்."

"ஒரே எடத்துல நிக்குது."

"அப்பறம்?"

"அப்பறம் ஒரே ஒதைல கெளம்பிடுது."

"கெளம்பிடுதுல்ல? அப்ப இன்னா சார் கோளாறு?" என்று சிரித்தபடி புகார் படிவத்தை நீட்டினான். 'கோளாறின் விவரம்' என்ற இடத்தில் லூர்துராஜ் பேனாவை வைத்தார். பொய் எழுதிப் பழக்கமில்லை. உண்மையை எழுதினால் பைத்தியக்காரன் என்பார்கள். 'பின்சீட்டில்' என்று எழுதி, அடித்து, 'வளைவில் நிற்கிறது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று நாள் வண்டியை வைத்திருந்து, பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை போனார். அதே பதில், கூடவே ஒரு டீ.

இருபத்துநாலாவது நாள் கவுண்டரில் கையை ஊன்றி நின்றுவிட்டார். "உங்க ஆளு ஒருத்தன அனுப்பு. எங்கூட மேல வந்து பாக்கட்டும்." மெக்கானிக் சுபாஷ் டூல்ஸ் பையோடு ஏறி உட்கார்ந்தான்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் சுபாஷ் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்து இடித்தான்.

"இன்னாத்துக்குப்பா இப்டி நெருக்கினு ஒக்கார்ற? கொஞ்சம் பின்னால தள்ளிக்க."

"பின்னால எடம் இல்லயே சார்," என்றான் சுபாஷ். அவன் ஒல்லிப்பயல். அந்தச் சீட்டில் அவனைப்போல் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். லூர்துராஜ் வாய்க்குள் அருள்நிறை மரியே செபத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

நாலாவது வளைவில் வண்டி நின்றது. ஸ்பிரிங் கிரீச்சிட்டது. சுபாஷ் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சீட்டைத் தடவிப் பார்த்தான். இப்போது இடம் இருந்தது. இறங்கி, பிளக்கைக் கழற்றினான், பெட்ரோல் குழாயை ஊதினான், ஒயரை எல்லாம் இழுத்துப் பார்த்தான். ஸ்பேனர் இரண்டு தடவை கையைவிட்டுக் கீழே விழுந்தது. "வண்டில ஒன்னும் இல்ல சார்," என்றான்.

ஷோரூமுக்குத் திரும்பி வந்து, "நிக்குதுண்ணா, நான் பாத்தேன்," என்று மட்டும் தமிழழகனிடம் சொன்னான். தமிழழகன் விடுவானா? விற்ற அன்று பின்னாலிருந்து எடுத்த போட்டோவை எடுத்து மேஜைமேல் போட்டான். "இதுல பேரு இருக்குது. இப்ப வண்டில இல்ல. குடுத்த வண்டில கை வெச்சிட்டா கேரண்டி கெடையாது சார். போர்டுல சின்ன எழுத்துல போட்டிருக்குது பாருங்க." ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டியதற்கு எஞ்சின் கேரண்டி போய்விட்டதாம்! லூர்துராஜுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் சுரண்டியது உண்மை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

சுபாஷ் பின்னாலேயே ஓடி வந்தான்.

"சார், அந்தப் பேர நீங்களா எடுத்தீங்க?"

"ஆமாம்பா."

"வண்டிய வித்தவரு போவும்போது ஒன்னே ஒன்னு கேட்டுக்கினாரு. வாங்கறவங்ககிட்ட பேர மட்டும் எடுக்க வாணாம்னு சொல்லுங்கன்னாரு. இத சொன்னா வண்டி போவாதுன்னு மேனேஜர் அண்ணன் வாய் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு." கச்சிராயபாளையத்தில் ஆதிமூலம் என்பவரின் வீட்டுக்கு அவன் வழி சொன்னான்.

வாய்க்கால் ஓரத்து வீடு. லூர்துராஜ் தெருமுனை திரும்பும்போதே, வண்டிச் சத்தம் கேட்டு ஆதிமூலம் வாசலுக்கு வந்து நின்றிருந்தார். கரும்பு விவசாயி. முதலில் வண்டியைச் சுற்றி நடந்து, பின்பக்கம் போய் மட்கார்டைப் பார்த்தார்.

"பேரு?" என்றார்.

"நான்தான் எடுத்துட்டேங்க அண்ணே. எங்கிட்ட யாரும் சொல்லல."

ஆதிமூலம் மட்கார்டை விரலால் ஒருமுறை துடைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "அமுதா எம் பொண்ணுங்க. மலைல பசங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போய்க்கினு இருந்தா. காலைல நான்தான் இந்த வண்டில கொண்டுபோயி நாலாவது வளைவுல வுடுவேன். ஒத்தையடிப் பாதைல எறங்கிப் போவா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதே சுவத்தாண்ட வந்து நிப்பா, கூட்டினு வருவேன். அன்னிக்கு கரும்பு வெட்டு. லாரி வந்து நிக்குது, ஆளுங்க நிக்கிறாங்க. பஸ்சுல வந்துடுவான்னு வுட்டுட்டேன். அவ நான் வருவேன்னு மழைல நின்னுக்கினே இருந்திருக்கா, இருட்டற வரிக்கும். அப்பறம் ஏதோ ஜீப்புல ஏறி வந்தா. ஜொரம். நாலாம் நாளு ஆஸ்பத்திரில போயிட்டா."

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. ஆதிமூலம் குரலைத் தாழ்த்தினார். "கமலா. எம் பொஞ்சாதி. ஏழு மாசம் ஆவுது. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. சோத்த வெச்சிட்டுப் போயிடுவா."

லூர்துராஜ் தன் வண்டிக்கு நேர்வதைச் சொல்லத்தான் வந்தார். காலையில் கொண்டுபோய் விட்டவளைச் சாயங்காலம் யாரும் கூட்டி வரவில்லை என்ற நினைப்பே மேலே நின்றது. வந்த விஷயத்தைச் சொல்லாமலே வண்டியைத் திருப்பினார்.

முப்பதாவது நாள் ஷோரூமில் நல்ல கூட்டம். லூர்துராஜ் பிரசங்கக் குரலை எடுத்தார். "புள்ளைய பறிகொடுத்தவன் ஒரே ஒரு வார்த்த சொல்லி அனுப்புனான். அத மறைச்சிட்டு வண்டிய வித்தீங்க. இன்னும் எத்தன வண்டில இன்னா மறைச்சி வெச்சிருக்கீங்க?" வந்திருந்தவர்கள் கை வைத்திருந்த வண்டிகளிலிருந்து கையை எடுத்தார்கள். தமிழழகன் அவரை அவசரமாக உள்ளறைக்கு இழுத்துப் போய், "சார், கத்தாதீங்க. இதோ இந்த வண்டிய எடுத்துக்கினு போங்க, இன்னும் புதுசு," என்று வேறு சாவியைக் கையில் திணித்தான்.

இதற்காகத்தான் ஒரு மாதம் அலைந்தார். சாவியை விரலில் மாட்டிக்கொண்டே கேட்டார். "எங்க வண்டிய இன்னா பண்ணுவீங்க?"

"பாலிஷ் போட்டா ஒரு வாரத்துல போயிடும் சார். விழுப்புரத்துல கேட்டுக்கினு இருக்காங்க."

விழுப்புரத்தில் மலை ஏது, வளைவு ஏது? லூர்துராஜ் புதுச் சாவியை மேஜைமேல் வைத்தார். பழைய சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தமிழழகன் இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்தான்.

போகிற வழியிலேயே ஸ்டிக்கர் கடையில் நின்று, அதே மஞ்சளில், அதே அளவில் 'அமுதா' என்று ஒட்டி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து தெரசாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "நான் பேயே இல்லன்னு சொல்றவன், தெரசா. இத எப்டி நம்பறது?" என்றார்.

தெரசா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "நவம்பர் மாசம் முழுக்கச் செத்தவங்களுக்காக செபம் சொல்றீங்களே, அவங்க எங்க இருக்காங்கன்னு நெனச்சினு சொல்றீங்க? போங்க. அந்தப் பொண்ண கூட்டினு வாங்க," என்றாள்.

புதன்கிழமை காலை, நாலாவது வளைவில் எஞ்சின் நிற்பதற்கு முன் லூர்துராஜே வண்டியை நிறுத்தினார். "பாத்து எறங்கும்மா," என்றார். ஸ்பிரிங் கிரீச்சிட்டது. முதன்முறையாக அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம், வண்டிச் சத்தம் அவளுக்குக் கேட்கட்டும் என்று, எஞ்சினை அணைக்காமலே மலையிலிருந்து இறங்கினார். மணி ஐந்து. நாலாவது வளைவுச் சுவரருகே வண்டியை நிறுத்திக் காலை ஊன்றி நின்றார். மழை பிசுபிசுத்தது. எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியவில்லை. "உங்கப்பா அனுப்புனாரும்மா," என்றார், அது பொய் என்று தெரிந்தே. அவர் வாழ்நாளில் தெரிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். பின்சீட்டு மெல்லக் கீழே அமுங்கியது. சட்டையின் முதுகுப்பக்கம் ஈரமாகச் சில்லிட்டது.

கச்சிராயபாளையம் வரை அவர் பள்ளத்தில் ஒருமுறைகூட வண்டியை இறக்கவில்லை. ஆதிமூலம் வாசலிலேயே நின்றிருந்தார். வண்டி நின்றது. ஸ்பிரிங் கிரீச்சிட்டது. அந்தச் சத்தம் தெருவுக்கே புரியாது; ஆறு வருடம் அந்த வண்டியை ஓட்டியவருக்குப் புரியும். ஆதிமூலம் தூணைப் பிடித்துக்கொண்டார்.

கமலா உள்ளிருந்து வந்தாள். வண்டியைப் பார்த்தாள். பிறகு, யாரும் இல்லாத அந்தப் படியைப் பார்த்தாள்.

"கால கழுவினு உள்ள வாம்மா. சோறு ஆறுது," என்றாள்.

அப்புறம் புருஷனைப் பார்த்து, "நீங்களும் வாங்க," என்றாள்.