முத்துவேல் குடிக்கவில்லை

பதிமூன்று வருடம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய முத்துவேலை, குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று எழுதி, அரியலூர் ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆபீஸில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அன்று ஊதிப் பார்க்கும் மெஷினில் பூஜ்யம்தான் வந்தது. "மெஷின் ரிப்பேர்" என்றார் சூப்பர்வைசர் காசிநாதன். நடை தள்ளாடியது, நாக்கு குழறியது; அவருக்கு அது போதும்.

ஊருக்கும் போதும். அவன் அப்பா அய்யம்பெருமாளும் இப்படித் தள்ளாடித்தான் ஐம்பது வயதில் போய்ச் சேர்ந்தார். அதே ரத்தம்தானே என்றார்கள். தங்கை ஜெயசித்ராவும் அதையேதான் நம்பினாள். பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் உயிர்த்தகவலியல், அதாவது பயோஇன்ஃபர்மேடிக்ஸ், நடத்துகிறவள். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனை இழுத்துக்கொண்டுபோய், இனிக் குடிப்பதில்லை என்று சிறுவாச்சூர்க் கோயிலில் கயிறு கட்டவைத்தாள். அவன் கையை நீட்டினான்.

அடுத்த மாதம் கல்லூரியில் செய்முறை வகுப்பு. புரோட்டீன் என்பது இருபது விதமான அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. சில இடங்களில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும். ஒப்பிட்டுத் தேடும்போது இந்தத் துண்டுகள், சம்பந்தமே இல்லாத புரோட்டீன்களைச் சொந்தம்போலக் காட்டிவிடும். அதனால் ஒரு மென்பொருள் அவற்றைக் கண்டுபிடித்து 'எக்ஸ்' எழுத்தால் மூடிவிடும். "மூடினதை மறந்துடுங்க, அதுல விஷயம் இல்ல" என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"மேடம், இதுல மூடினதைத் திறந்து பாத்தா க்யூவாவே வருது. இருபத்தஞ்சுக்கு மேல இருக்கு. எதுக்கு இத்தனை?" என்று கேட்டாள் மாணவி லீலாவதி.

ஜெயசித்ராவுக்குத் தெரியவில்லை. அந்தப் புரோட்டீனின் தகவல் பக்கத்தைத் திறந்தாள். க்யூ வரிசை அளவுக்கு மீறி நீண்டால் சிறுமூளை தேயும். நடை தள்ளாடும். பேச்சு குழறும். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரும்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். முதல் கோபம் தன்மேல்தான். அப்பாவின் வாயை முகர்ந்து பார்த்து, வாடையே வராதபோதும் ஏசியவள் அவள்.

திருச்சி நரம்பு டாக்டரிடம் அண்ணனை அழைத்துப்போனாள். ரத்தப் பரிசோதனை முடிவு வர ஆறு வாரம் ஆனது. நோய் அதுதான். மருந்தில்லை, உடற்பயிற்சி உண்டு, இனி லாரி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர்.

"குடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"சொன்னேன். நீதான் கேக்கல" என்றான் முத்துவேல்.

மறுநாள் காலை அரியலூர் ஆபீஸில் காசிநாதன் மேஜைமேல் டாக்டர் ரிப்போர்ட்டைப் போட்டாள்.

"அட பாவமே. தெரியாம எழுதிட்டோம். இனிமே என்ன பண்றது, வுடுங்கம்மா."

"வுட மாட்டேன். மெஷின் பூஜ்யம் காட்டுச்சா இல்லையா?"

"அவரு நடந்து வந்தத நீங்க பாக்கலிங்க."

"நான் தினமும் பாக்குறேன் சார். எழுதுங்க."

உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று டைப் அடித்துக் கொடுத்தார்கள். அவள் அதைக் கிழித்தாள்.

"குடிக்கலன்னு எழுதுங்க. அந்த வார்த்தை வேணும்."

"முதலாளி ஒத்துக்க மாட்டாரு."

"அப்ப அவரு வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்."

மதியம் இரண்டு மணிக்கு முதலாளி வந்தார். அன்று முத்துவேல் குடித்திருக்கவில்லை, தவறாகப் பதியப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அவளும் கேட்கவில்லை.

அதை முப்பது பிரதி எடுத்தாள். முத்துவேலைப் போலத் தள்ளாடி நடித்துக்காட்டிச் சிரித்த டீக்கடைக்குப் போய், பெஞ்சில் இருந்தவர்கள் முன்னால் நின்று உரக்கப் படித்தாள். "போதும் சித்ரா, வா" என்று அண்ணன் கூப்பிட்டும் நிறுத்தவில்லை. அப்பாவும் குடிக்கவில்லை என்று அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். கடைக்காரர் எழுந்து முத்துவேலுக்கு நாற்காலி போட்டார். அவன் உட்காராமல் வீட்டுக்கு நடந்தான்.

அவளையும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவளுக்கும் அந்த நோய் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. இன்னும் போகவில்லை. எப்போது போகிறாய் என்று யாராவது கேட்டால் சண்டைக்கு வருகிறாள்.