மரை போன சேம்பர் போல்ட்

என் வீட்டுக்காரர் சவூதியில் ட்ரெய்லர் லாரி ஓட்டியவர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு லீவுக்கு வந்தவர், இனிமேல் சபுர் என்று வெளிநாட்டுக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய டீசல் அம்பாசடர் வாங்கினார். எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் போகிறவர்களைத் திருச்சி ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் எங்கள் பிழைப்பாக ஆனது. ஊரையெல்லாம் ஏற்றி அனுப்பிக்கொண்டு நாம் மட்டும் இங்கேயே இருந்துவிடலாம் என்று அவர் நினைத்தார். நானும் நம்பினேன்.

மூத்தவள் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. பிள்ளையின் அழுகையைக் கேசட்டில் பிடித்து, லீவு முடிந்து போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினோம். அதை லாரியில் போட்டுப் போட்டுக் கேட்டு நாடாவே அறுந்துபோனதாம். பிறகு நேரில் வந்து கையை நீட்டியபோது அவள் யாரோ என்று பயந்து என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். கார் வாங்கிய மறுவருஷம் நான் இரண்டாவதாக உண்டானேன். "இந்தப் புள்ள அழுவுறத நேர்ல கேக்கணும் புள்ள. கேசட்டெல்லாம் வேணாம்" என்றார். அதற்காகவே அந்தக் காரை அவர் பொன்போலப் பார்த்துக்கொண்டார். அதில்தான் வினையே வந்தது.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியை சேம்பர் என்பார்கள். பழைய ஆயிலை இறக்குவதற்கு அதன் அடியில் மரை, அதாவது திருகு வரி, வெட்டிய ஓட்டையில் ஒரு போல்ட் இருக்கும். ஆயில் மாற்ற அவர் மெக்கானிக்கிடம் போகமாட்டார். வாசலில் சாக்கை விரித்து, காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து அவரே செய்வார். மாற்றி முடித்ததும் ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளமான இரும்புக் குழாயை மாட்டி, முழு பலத்தையும் போட்டு அந்த போல்ட்டை இறுக்குவார். பாலைவனத்தில் நடுவழியில் ஒரு போல்ட் கழன்றால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது, அதனால் ட்ரெய்லரில் அப்படித்தான் முறுக்குவார்களாம். அத்தோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு ஏர்போர்ட் சவாரிக்கு முன்னாலும் அடியில் புகுந்து, பிஸ்மி சொல்லி இன்னும் ஒரு முறுக்கு. மற்ற டிரைவர்கள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள், இவருக்கு இது.

ஒருநாள் அந்த போல்ட் இறுகாமல் சும்மா சுற்ற ஆரம்பித்தது. அவர் அடியிலிருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

பெரம்பலூர் மெக்கானிக் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "மரை சுத்தமாப் போயிடுச்சு பாய். போல்ட்டுன்னா வேற போட்டுக்கலாம், இது சேம்பர்லயே போயிருக்கு" என்றார். லேத் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை அறுத்து, தடித்த போல்ட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் நின்றது. ஆனால் அதுவும் கழன்றுவிடுமோ என்று இவருக்குப் பயம். மறுபடியும் குழாயை எடுத்தார். நான் வாசல்படியில் நின்று, "அத விட்டுத் தொலைங்களேன்" என்று கத்தினேன். "ஒனக்கு என்ன தெரியும், உள்ள போ" என்றார். இந்த முறை ஓட்டையைச் சுற்றியே விரிசல் விட்டது.

இனி சேம்பரையே மாற்ற வேண்டும் என்றாகிவிட்டது. அரியலூரில் சிமென்ட் லாரிகள் நிற்கிற பக்கம் இருந்த பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினார். ஒரு கடையில் கிடைத்தது பெட்ரோல் வண்டியின் சேம்பர், டீசலுக்குப் பொருந்தாது. "டீசல் ஒண்ணு ஒடைக்க வருது பாய், வந்தா எடுத்து வைக்கிறேன்" என்றாராம் கடைக்காரர். அதுவரை வண்டியை நிறுத்தி வைக்கலாம்தான். ஆனால் அது லீவு முடிந்து எல்லோரும் கிளம்புகிற சமயம். சவாரி கேட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும்போது இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. போல்ட்டில் நூலைச் சுற்றி, துணி சோப்பைப் பிசைந்து மேலே அப்பி, டிக்கியில் ஒரு கேன் ஆயிலையும் வைத்துக்கொண்டு ஓட்டினார்.

அப்படித்தான் எதிர்வீட்டு அக்காவின் மகனைக் கொண்டுபோய் விடப் போனோம். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, முதல் சபுர். விசாவுக்கு அன்றைக்குக் கடைசி நாள். அக்கா துணைக்குக் கூப்பிட்டதால் பிள்ளைத்தாய்ச்சியான நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கிளம்பலாம் என்றார்கள். கட்டிப் பிடித்து அழுதவர்களை விலக்கிப் புறப்படுவதற்குள் நேரம் ஓடிவிட்டது.

பெரம்பலூரில் டீசல் போட நின்றபோது அவர் குனிந்து அடியில் பார்த்தார். சோப்பு கரைந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. "மெக்கானிக் கடையில காமிச்சுட்டுப் போயிடுவோமா?" என்று கேட்டார். அக்கா பதறிப்போனார். "வேணாம் தம்பி. பயணம் கெளம்பின வண்டிய இடையில பட்டறையில வுடக் கூடாது. துஆ ஓதி ஏறியிருக்கோம்ல." எங்கள் பக்கத்தில் அதை யாரும் மீற மாட்டார்கள். அவரும் வண்டியை எடுத்தார்.

பாடாலூர் தாண்டியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரங்கட்டி, டிக்கியிலிருந்த கேனைக் கவிழ்த்தார். விளக்கு அணைந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் எரிந்தது. கேனில் மிச்சம் இருந்ததையும் ஊற்றினார். அதுவும் ரோட்டோடு போனது.

"நிறுத்துங்க, எஞ்சின் போயிடும்" என்றேன். எனக்கு அழுகை வந்தது.

"பஸ்ஸப் புடிச்சு, அங்க எறங்கி ஆட்டோ புடிச்சு... நேரம் பத்தாது புள்ள. ஃபிளைட்டு போனா இவன் விசா போச்சு."

"நம்ம வண்டி?"

அவர் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார். முன்சீட்டில் இருந்த பையன் கையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் கையில் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டிருந்தது. எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர் காலை எடுக்கவில்லை. சமயபுரம் கடந்து, திருச்சிக்குச் சற்று முன்னால் டோல்கேட் ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பெரிய சத்தத்தோடு வண்டி நின்றது. இறங்கி ஓடிப்போய் அவரே ஒரு ஆட்டோவை மறித்தார், பெட்டியைத் தூக்கி வைத்தார், அக்காவையும் ஏற்றினார், பையனின் தலையில் கைவைத்து துஆ செய்து அனுப்பினார். அவனுக்கு ஃபிளைட் கிடைத்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தோம். பானெட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் அப்படியொரு ஆத்திரம். ஊரான் பிள்ளைக்காக என் பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாரே என்றிருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"என் பாஸ்போர்ட்ட எங்க வச்சிருக்க?"

லாரியில் கயிறு கட்டி வண்டியைப் பெரம்பலூர் கொண்டுவந்தோம். மெக்கானிக் உள்ளே பார்த்துவிட்டு எஞ்சின் தேறாது என்று தலையை ஆட்டினார். கடைசியில் அதே அரியலூர் இரும்புக் கடைக்குத்தான் இவர் வண்டியை விற்றார். அந்தக் கடைக்காரர் இவரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "வாங்க பாய், டீசல் சேம்பர் வந்துருச்சு, ஒங்களுக்காகத்தான் எடுத்து வச்சிருக்கேன்" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது இவரும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அவர் பழைய கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தார். வேறு ஒருவரின் காரில் போனார். ஏறுவதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் அந்தக் காருக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

எதிர்வீட்டுப் பையனுக்குச் சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு. சரியாகச் சம்பளமும் இல்லாமல் சில மாதங்களிலேயே திரும்பி வந்துவிட்டான். சபுர் போய் வந்ததற்கு அடையாளமாக அவனிடம் ஒரு டேப்ரிக்கார்டர் மட்டும் இருந்தது. எனக்கு வலி எடுத்த அன்றைக்கு ஓடிப்போய்க் கார் கொண்டுவந்தது அவன்தான். முன்சீட்டில் உட்கார்ந்து, "பயப்படாதீங்க மாமி" என்று பெரம்பலூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். நான் வலியிலும் டிரைவருக்கு முன்னால் இருந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு எதுவும் எரியவில்லை.

ஆண் பிள்ளை. அக்கா குளிப்பாட்டிக் கொண்டுவந்து என் பக்கத்தில் கிடத்தினார். பையன் கதவோரம் தயங்கி நின்றான். கையில் டேப்ரிக்கார்டரும் ஒரு புதுக் கேசட்டும் இருந்தன. "மாமாவுக்கு அனுப்பணும்ல" என்றான். நான் தலையாட்டினேன். பிள்ளை வீறிட்டதும் பட்டனை அழுத்தினான். நாடா சுற்ற ஆரம்பித்தது. பிள்ளை நன்றாகத்தான் அழுதான்.