கட்டிலுக்கும் மைக்குக்கும் ஏழு அடி

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு நாடகம் பார்த்தேன். ஏதோ ஒரு தொடர்கதையை மேடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கதாநாயகன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கிசுகிசுப்பாகப் பேசுகிறான். இருபத்து மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. பக்கத்துச் சீட்காரர் மூக்கை உறிஞ்சினார். நான் மட்டும் கதாநாயகனின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பொத்தான் அளவில் ஒரு மைக்!

இது அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தால்...?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில் வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். எழுதுவது நான். ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணியவனுக்கு எழுத வருமா என்று கேட்காதீர்கள். எனக்குச் சொந்தமாகக் கதை வராது. யாராவது எழுதியதை எடுத்து, காட்சி பிரித்து, மேடைக்குத் தகுந்தபடி வெட்டித் தைப்பேன். ஒன்பது வருடத்தில் ஒன்பது நாடகம். ஒன்றுகூட என் கதை இல்லை.

அந்த வருடம் எடுத்துக்கொண்டது பேச்சிமுத்துவின் கதை. பேச்சிமுத்து லேத்தில் டர்னர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வாழ்நாளில் எழுதியதே அந்த ஒரு கதைதான். மன்றத்தின் ஆண்டு மலரில் ஐந்தரைப் பக்கம் வந்தது. மனைவி படுத்த படுக்கையாகிவிடுகிறாள். ஷிப்ட் முடிந்து வரும் கணவன் கட்டிலருகே உட்கார்ந்து, வெளியே என்னென்ன நடந்தது என்று தினமும் சொல்கிறான். அவ்வளவுதான். கதை முடியும்வரை அவள் எழுந்திருப்பதில்லை.

கதையென்ன கதை... அவர் மனைவி அப்படித்தான் பதினான்கு மாதம் கிடந்து இறந்துபோனார்.

நாடகமாக்க அனுமதி கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். எனக்குக் கொடுத்த காபி ஆறி, ஆடை படிந்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, நீங்க என்ன வேணும்னாலும் சேத்துக்கிடுங்க. காமெடி போடுங்க, டாக்டரப் போடுங்க. ஆனா அவ எந்திரிக்கக் கூடாது. நாடகம்னா கடைசியில சாமி வந்து எந்திரிக்க வச்சுருவீங்க. அது வேண்டாம். அவ எந்திரிக்கல. அதான் கதை."

வாக்குக் கொடுத்தேன்.

கதையை நாடகமாக்குவது இருக்கிறதே — 'அவள் படுத்திருந்தாள்' என்று தாளில் எழுத இரண்டு வார்த்தை போதும். மேடையில்? முதலில் கட்டில் வேண்டும். யார் வீட்டுக் கட்டில்? அன்றைக்கு அந்த வீட்டுக்காரர் எங்கே படுப்பார்? நாலு பேரிடம் கேட்டு, ஐந்தாவது வீட்டில் ஓர் இரும்புக் கட்டில் கிடைத்தது. மலரில் வந்த கதையில் பேச்சு மொத்தம் பத்தொன்பது வரி. அதை எழுபது நிமிஷத்துக்கு இழுத்து இருநூற்றுப் பன்னிரண்டு வசனம் ஆக்கினேன். ஏழு காட்சி. நான்கில் மனைவி பேசுவாள்.

மனைவியாக நடிக்க, நகரத்திலிருந்து சரோஜினி அம்மாள் மின்சார ரயிலில் வந்துபோனார். பல மேடை கண்டவர். ஒத்திகை மன்றத்தின் கேரம் அறையில். அந்த அம்மாள் படுத்தபடி மெல்ல முனகினால், ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஸ்ட்ரைக்கரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவ்வளவு துல்லியமாகக் கேட்கும். கேட்காதா? அறையே பதினாறுக்குப் பன்னிரண்டு!

நாற்காலி, விளக்கு, வசனம், காட்சி எல்லாவற்றையும் எண்ணினேன். மைக்கை எண்ண மறந்தேன்.

நாடகத்தன்று சாயங்காலம் ஐந்து மணி. திறந்த மைதானத்தில் மேடை. கரையான்சாவடியிலிருந்து மைக் செட் தனசேகர் வந்து, மேடையின் முன்பக்கம் குறுக்கே கயிறு கட்டி, மூன்று மைக்கைத் தொங்கவிட்டார். அப்போதெல்லாம் அப்படித்தான். யாருக்கு வசனமோ அவர் தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து நின்று பேச வேண்டும். பேசி முடித்தால் நகர்ந்து இடம் விட வேண்டும்.

தனசேகர் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார்.

"இன்னா சார், கட்லப் போட்டு வச்சிகீறீங்க? படுத்துகினு பேசினா எவனுக்குக் கேக்கும்?"

"ஒரு மைக்கை மட்டும் கீழே இறக்குங்களேன்."

"எறக்கலாம். அப்பால நிக்கறவர் வவுத்துல இடிக்கும். பர்வால்லயா?"

"நாலாவது மைக் இல்லையா?"

"கீதே. வெள்ளானூர்ல ஒரு கல்யாண ஊட்ல பாடிகினு கீது."

கட்டிலை முன்னால் இழுத்துப் பார்த்தோம். திரையை மூட முடியவில்லை. பழைய இடத்துக்கே தள்ளினோம். சரோஜினி அம்மாளிடம் போய், "கொஞ்சம் கத்திப் பேசிவிடுங்கள்" என்றேன்.

"சாகக் கிடக்கிறவ கத்துவாளா சார்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பாக்கலாம்" என்றார்.

ஆறரைக்குத் திரை விலகியது. முதல் வரிசையில் பேச்சிமுத்து, புதுச் சட்டையில். கணவன் மைக்குக்குக் கீழே நின்று பேசினான். கணீரென்று கேட்டது. கட்டிலில் இருந்து மனைவி பதில் சொன்னாள். உதடு அசைந்தது... அவ்வளவுதான்.

"சவுண்டு! சவுண்டு!"

"மாமே, அந்தம்மா இன்னா சொல்லுது?"

"உன்ன ஊட்டுக்குப் போவச் சொல்லுதுடா!"

விசில் பறந்தது. சரோஜினி அம்மாள் தொண்டையை உயர்த்தி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். விசில் இரண்டு மடங்கானது. அந்த அம்மாள் போர்வையை விலக்கினார். எழுந்தார். நிதானமாக ஏழு அடி நடந்து, நடு மைக்குக்குக் கீழே வந்து நின்றார்.

"என்னால எழுந்திருக்கவே முடியலைங்க" என்றார்.

ஏழு அடி திரும்பி நடந்து, படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டார்.

மைதானமே சிரித்தது. பக்கத் திரையின் மறைவில் நின்றிருந்த நான் திரை ஓரத்தை விலக்கினேன். எட்டி முதல் வரிசையைப் பார்த்தேன். பேச்சிமுத்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை அந்த அம்மாள் எழுந்து வந்தபோது பாதிப் பேர் சிரித்தார்கள். மூன்றாவது தடவை எங்கோ இரண்டு பேர். நான்காவது தடவை, "வெளியே மழை பெய்யுதா?" என்று கேட்பதற்காக எழுந்து வந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எந்தக் கூத்தையும் நாலு தடவை செய்தால் ஜனங்களுக்குப் பழகிவிடுகிறது. மேடையில் மட்டுமா?

கைதட்டல் நன்றாகவே இருந்தது. திரை மூடியதும் இறங்கிப் போய்த் தேடினேன். பேச்சிமுத்துவின் நாற்காலி காலி.

ஒரு மனிதர் எழுதியது ஒரே கதை. அதற்கு விதித்தது ஒரே நிபந்தனை. அதை ஊரைக் கூட்டி வைத்து நாலு தடவை மீறியிருக்கிறேனே! இரண்டு நாள் அவர் வீடு இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் காலை பால் பூத் வரிசை. எனக்கு முன்னால் ஆறாவது ஆள் அவர். திரும்பி என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு விலகி வந்தார்.

"பேச்சிமுத்து, அந்த மைக்..." என்று ஆரம்பித்தேன்.

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி. கட்டில்ல இருந்து மைக்குக்கு எத்தன அடி? நீங்க எண்ணியிருப்பீயளே."

"ஏழு. போக ஏழு, வர ஏழு. நாலு தடவை."

"மொதத் தடவை எந்திரிச்சுப் போயிருவோம்னுதான் நின்னேன். இவருகிட்டப் போயிக் கதையக் குடுத்தோமேன்னு கோவம். பெறவு உக்காரணும்னே தோணல." கையிலிருந்த பால் கார்டை மடித்தார், பிரித்தார். "டாக்டரு சொல்லிக்கிட்டே இருப்பாரு அண்ணாச்சி. பத்தடி நடக்கட்டும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்னு. பத்தே பத்து. நானும் தோளப் பிடிச்சுத் தூக்கித் தூக்கிப் பாத்தேன்..."

வரிசை நகர்ந்து அவர் இடம் போய்விட்டது. இருவரும் கடைசியில் போய் நின்றோம்.

அதே நாடகத்தை அடுத்த மாதம் அம்பத்தூரில் போடக் கூப்பிட்டிருந்தார்கள். அவரைச் சமாதானப்படுத்த அதைச் சொன்னேன். "இந்தத் தடவை கட்டிலுக்கென்று தனியாக ஒரு மைக் சொல்லியிருக்கிறேன். அவள் எழுந்திருக்கவே மாட்டாள்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "எந்திரிக்கட்டும்."

ஒன்பது நாடகத்தில், கதையை எழுதியவரே திருத்தம் கொடுத்தது அது ஒன்றுதான்.

தனசேகரிடம் போய் நாலாவது மைக் வேண்டாம் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், ஒடம்பு நல்லாத்தானே கீது? அந்தம்மாவ மறுக்கா நடக்க உடப் போறீங்களா?"

"ஆமாம்."

அம்பத்தூர் மேடை கொஞ்சம் ஆழமானது. பழைய ஏழு அடியோடு நானே இன்னும் மூன்று அடி நடந்து அளந்து, கட்டிலைப் பின்னால் தள்ளிப் போட்டேன்.