காலளவு மட்டும் கொடுத்த ஊர்

அவரவர் கால் வாடை அவரவருக்குத் தெரியாது. அடுத்தவர் காலடியில் குனிகிறவருக்குத்தான் தெரியும். எங்கள் கடைத்தெருவின் மொத்த வாடையும் தெரிந்த ஒரே ஆள் என் அத்தை, அப்பாவின் தங்கை. செருப்புக்கடை அக்கா என்றால்தான் ஊருக்குப் புரியும்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு ஷூ தொழிற்சாலையில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க அவளுடைய மெஷினுக்கு இடது கால் மட்டும்தான் வரும். வலது கால் வேறொருத்திக்குப் போகும். "ஜோடியா ஒண்ணக்கூட நான் பாத்ததில்லடா. அத பாக்கறதுக்காகவே ஒரு கடை போடணும்னு தோணிச்சு" என்பாள். போட்டாள். வெளிச்சம் குறைந்த நீளமான ஒற்றை அறை. இரண்டு பக்கமும் கூரைவரை அட்டைப்பெட்டிகள், நடுவில் சிவப்பு ரெக்சின் பெஞ்சு, அதன் எதிரே அவள் உட்கார ஒரு குட்டை முக்காலி, காலளக்க ஒரு மரப்பலகை. மாமா பஸ் டிரைவர். வீட்டுக்கு வந்தால் தூங்குவார், எழுந்தால் பஸ்ஸுக்குப் போய்விடுவார். கடைதான் உனக்குக் குடும்பம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "குடும்பம் சோறு கேக்கும், கடை வாடகை கேக்கும். ரெண்டும் ஒண்ணுதான், போடா."

எதிர்வரிசை ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. மெஷின் சூடாகும்வரை கண்ணாடி வழியாக அவள் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருவர் வருவார். பெஞ்சில் சாய்ந்து, முகத்தை வேறெங்கோ திருப்பிக்கொண்டு காலை மட்டும் நீட்டுவார். அத்தை குதிகாலைப் பலகையில் பொருத்தி, பெருவிரல் நுனியை அழுத்திப் பார்த்து, ஏணி ஏறிப் பெட்டி இறக்கி, நாடாவும் கட்டிவிடுவாள். அவர் நடந்து பார்ப்பார். அடுத்த அளவு கேட்பார். பிறகு வேறு நிறம். கடைசியில் பெட்டியின் மேலிருக்கும் நம்பரைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வரேன்க்கா" என்பார். வீட்டில் யாரைக் கேட்பார் என்பது தெருநாய்க்குக்கூடத் தெரியும். சில நாளில் அதே ஷூ பார்சலில் வந்து இறங்கும்.

இறங்கும் இடம் எது என்பதுதான் சங்கதி. பகலில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பார்சல்காரர் போன் செய்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பதில்: "செருப்புக்கடை அக்காகிட்ட குடுத்துருங்க." அவளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. குழந்தைச் செருப்பு வைத்திருந்த கீழ்த்தட்டு முழுக்க ஊராரின் பார்சல்கள் நிறைந்துவிட்டன. சாயங்காலம் வருவார்கள். சிலர் அவளிடமே கத்தரிக்கோல் வாங்கி, அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அவள் அளந்து சொன்ன அளவில் வாங்கிய ஷூவைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்கள். "கரெக்டா இருக்குக்கா! நீங்க சொன்ன சைஸ்தான்!" கிழித்த பிளாஸ்டிக் உறையைத் தரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அதையும் அவள்தான் கூட்டுவாள்.

"உனக்குக் கோபமே வராதா அத்தை?"

"கோபப்பட்டா? நாளைக்கு அவன் புள்ளைக்கு ஸ்கூல் ஷூ வாங்க இங்கதான வரணும்."

"வரமாட்டான்."

"கருநாக்குடா உனக்கு. போய் உன் மெஷினப் பாரு."

இப்படி இருக்கையில்தான் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத் தலைவருக்கு ஊர்ப்பாசம் பொங்கியது. அவர் மரச்சாமான் கடைக்காரர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் மைக்செட். 'நம்ம ஊரு, நம்ம கடை' என்று ஒரு நடை ஏற்பாடு செய்தார். ஆசிரியர்கள், வியாபாரிகள், குடியிருப்போர் எல்லாரும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு பஸ் நிலையத்திலிருந்து மைதானம்வரை நடந்துபோய், இனி உள்ளூர்க் கடையில்தான் வாங்குவோம் என்று உறுதி எடுக்க வேண்டும். அதற்கான நோட்டீஸையாவது எங்கள் ஜெராக்ஸ் கடையில் அடித்திருப்பார் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு மைக்செட்டைத் தெரியாது.

நான் அத்தைக்கு டீ வாங்கிக்கொண்டு போயிருந்த நேரத்தில் அவர் வந்தார்.

"அக்கா, நடக்கிற அத்தன பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளை ஷூ. நீங்கதான் பாத்துக்கணும். உங்கள விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"எத்தன ஜோடி வேணும் தலைவரே?"

"மொதல்ல எல்லாருக்கும் அளவெடுங்க. மத்தது அப்புறம் பேசிக்கலாம். நமக்குள்ள என்னக்கா?"

'நமக்குள்ள என்ன' என்று ஒருவர் சொன்னால் உடனே சட்டைப்பையைப் பொத்திக்கொள்ள வேண்டும். அத்தைக்குப் பை இருந்தது, பொத்தத்தான் தெரியவில்லை. கடை நடப்பது ஏற்கெனவே இழுபறி. கட்டிடக்காரர் வாடகையை ஏற்றியிருந்தார். "இந்த ஒரு ஆர்டர் வந்தா இன்னும் ஒரு வருஷம் ஓட்டிருவேன்டா" என்றாள், டீயை ஆற்றியபடி. "இல்லன்னா ஷட்டர இறக்கிட்டு, மறுபடி இடது கால் தைக்கப் போகவேண்டியதுதான்."

ஞாயிற்றுக்கிழமை வரிசையாக வந்தார்கள். வெடித்த குதிகால்கள், நகத்தடியில் கரிய கோடுகள், வியர்வையில் குழைந்து பசையான பவுடர். அளவெடுக்கப் போகிறோமே, ஒரு கை தண்ணீராவது விட்டுக் கழுவுவோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓர் ஆசிரியர் அத்தையின் மடியில் காலைக் கொடுத்துவிட்டு, கடைசிவரை போனில் யாருக்கோ பண்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை முதுகை நிமிர்த்தாமல் அளந்தாள். முடிந்ததும் அளவுகள் எழுதிய தாளை மைக்செட் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது.

அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஊரே வந்து கால் கொடுத்த பிறகு ஆர்டர் என்று தனியாக வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்பது அவள் கணக்கு. கைவளையலை அடகு வைத்து ஷூ கம்பெனி ஏஜென்டிடம் வெள்ளைக் கேன்வாஸ் இறக்கினாள். எடுத்த சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். பெட்டிகள் வாசல்வரை வந்து நின்றன. பெஞ்சுக்குப் போகவே ஒருக்களித்து நடக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் பார்சல்காரர் வேனை ரிவர்ஸில் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"அக்கா, பெரிய லோடு. மைக்செட் பேர்ல வந்திருக்கு. போன் போட்டேன், உங்ககிட்டயே எறக்கச் சொல்லிட்டார்."

பெட்டிகளின் மேல் படம் ஒட்டியிருந்தது. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பார்சல்காரர் அதைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். தன் சரக்குக்கு முன்னால் நின்றுகொண்டு அத்தை கேட்டாள்:

"கையெழுத்து எங்க போடணும்?"

சாயங்காலம் மைக்செட் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கமிட்டி முடிவுக்கா, நான் ஒண்ணும் பண்ண முடியல. நெட்ல பயங்கர ஆஃபர். ஆனா அளவெடுத்தது நீங்கதான்னு மேடைல சொல்லுவோம். சர்டிபிகேட்டும் உண்டு."

"நான் சரக்கு எறக்கிட்டேனே தலைவரே."

"எங்கள ஒரு வார்த்த கேக்காம எறக்கலாமா? சரி விடுங்க, ஸ்கூல் தொறந்தா போயிரும். அப்புறம்க்கா, இந்தப் பெட்டிங்க நடை வரைக்கும் இங்கயே இருக்கட்டும். எங்க கடைல எடமில்ல."

அவர் கடையில் கட்டில் மட்டுமே ஊரே படுத்துத் தூங்கும் அளவுக்கு வரிசையாகக் கிடக்கும். அத்தை முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அந்தப் பெட்டிகளுக்கு இடம் ஒதுக்கினாள்.

நடை நாளன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. பஸ் நிலையத்திலிருந்து கொட்டும் கோஷமுமாகப் புறப்பட்டவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது பாதிப் பேர் நொண்டிக்கொண்டிருந்தார்கள். ஷூ வந்த ஊரின் அளவு வேறு, நம் அளவு வேறு. எல்லாமே ஒரு சுற்றுச் சின்னது. பண்பாட்டு ஆசிரியர் பின்பக்கத்தை மிதித்து ஷூவைச் சப்பல் ஆக்கியிருந்தார். 'நம்ம கடை' என்று எழுதிய பேனரைப் பிடித்திருந்தவர்கள் அதன்மேலேயே சாய்ந்துகொண்டு வந்தார்கள்.

மைக்செட் ஊர்வலத்திலிருந்து நழுவி, தத்தித் தத்தி அத்தை கடைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, அவசரம். அங்க மேடைல கூப்பிடறாங்க. உங்ககிட்ட இருக்கிற வெள்ளைல என் சைஸ் ஒண்ணு எடுங்க. பேசி முடிச்ச உடனே பத்திரமாத் திருப்பிக் குடுத்துடறேன்."

திருப்பிக் கொடுப்பாராம். அந்தக் காலை அதில் விட்டு எடுத்த பிறகு.

"உக்காருங்க தலைவரே" என்றாள் அத்தை. முக்காலியில் அமர்ந்து அவர் ஷூவைக் கழற்றினாள். காலுறை குதிகால் ரத்தத்தில் ஒட்டியிருந்தது. பதமாகப் பிரித்தாள். ஈரத்துணியால் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, புதுக் காலுறை போட்டுவிட்டாள். பலகையில் வைத்து அளந்தாள். ஏணி ஏறி ஒரு பெட்டியை இறக்கி, போட்டு, நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டினாள்.

"நடந்து பாருங்க."

கதவுவரை நடந்து திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. "பஞ்சு மாதிரி இருக்குக்கா! இதத்தான் மொதல்லயே…"

"உக்காருங்க."

உட்கார்ந்தார். அத்தை முடிச்சை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, அடிப்பாகத்தைத் துடைத்து, தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். ஏணி ஏறி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

"அளவு தெரிஞ்சிருச்சுல்ல தலைவரே. வீட்ல கேட்டுட்டு வாங்க."

"என்னக்கா, விளையாடறீங்களா?"

"பெட்டி நம்பர் வேணும்னா போட்டோ எடுத்துக்குங்க."

இருந்திருந்து அத்தை வாயிலிருந்து வந்த பேச்சு. மைக்செட்டுக்குக் காது சிவந்தது. "காலடில உக்காந்து பொழைக்கிறவங்களுக்கு இவ்வளவு ஆகாது" என்று முணுமுணுத்தபடி, தன் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறும் காலுறையோடு தெருவில் இறங்கினார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. "நம்ம ஊரு! நம்ம கடை!" கூட்டம் கைதட்டியது.

அன்று ஊர்வலத்தில் நொண்டியவர்களில் ஒருவராவது வந்து ஒரு ஜோடி வாங்கினாரா என்றால், இல்லை. நான்கைந்து பேர் வந்தார்கள். பிளாஸ்திரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாதம் முடிவதற்குள் அத்தை ஷட்டரை இறக்கினாள். சரக்கை வேறொரு ஊர்க் கடைக்காரர் வந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போனார். மரப்பலகையை மட்டும் அவள் கொடுக்கவில்லை. இப்போது பார்சல்காரர் பெட்டிகளைப் பூட்டிய ஷட்டரின் முன்னாலேயே வைத்துவிட்டுப் போகிறார். மழையில் நனைகின்றன, நாய் இழுத்துக்கொண்டு போகிறது. ஊர் கொதித்துப் போயிருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களெல்லாம் என்னிடம் அங்கலாய்க்கிறார்கள்: "உங்க அத்தை இப்படி அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாங்களே தம்பி, எங்க பார்சல இனி யாரு வாங்கி வெப்பாங்க?"

அவள் பழைய தொழிற்சாலைக்கே போய்விட்டாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது கேட்டேன்.

"மறுபடி இடது காலா அத்தை?"

"இல்லடா," என்றாள். "இந்தத் தடவ வலது."