வாசலில் பிரித்த ஆறு பாக்கெட்டுகள்

ஆம், அந்த மாவு நான் அரைத்ததல்ல!

சென்ற துர்கா பூஜையில் எங்கள் குடியிருப்பின் ஆனந்தமேளாவில் முதல் பரிசு வாங்கிய இட்லி, கடைமாவு இட்லி. சூப்பர்மார்க்கெட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்து இறங்கிய பாக்கெட் மாவு. அதன் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, "நானே அரைத்தது" என்று ஒலிபெருக்கியில் சொன்னவன் நான்.

அப்பாடா, சொல்லிவிட்டேன். ஆனால் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் எதிர்வீட்டில் வசிக்கவில்லை என்பதுதான் எனக்கு வந்த தைரியம்.

என் பெயர் முரளி. வங்காளத்துப் பவானிபூரில் பிறந்து வளர்ந்து, காப்பீட்டு அலுவலகத்தில் குப்பை கொட்டி, ஓய்வு பெற்றதும் நியூ டவுனில் ஆறாவது மாடிக்கு வந்து சேர்ந்தவன். மனைவி கோமதிக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. சால்ட் லேக்கில் வங்கி வேலை. காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் மாலை ஏழுக்குத்தான் திரும்புவாள். ஓய்வு பெற்ற அன்றே மார்தட்டிச் சொன்னேன், "இனிமேல் சமையலறை என் பொறுப்பு. நீ உன் வேலையைப் பார்." கோமதி கிரைண்டரைக் காட்டினாள். அவ்வளவுதான்.

முதல் தடவை தண்ணீர் அதிகமாகிவிட்டது. இரண்டாம் தடவை ஜனவரிக் குளிரில் மாவு பொங்கவே இல்லை, மறுநாளும் அப்படியே கிடந்தது. மூன்றாம் தடவை அரைத்தபோது ஒரு தவறு செய்தேன். எதிர்வீட்டுச் சியாமளி தீதியிடம் முன்கூட்டியே வாய்விட்டுவிட்டேன். "சனிக்கிழமை உங்களுக்கு எங்கள் வீட்டு இட்லி!"

தீதி என்றால் நம் அக்கா. பள்ளியில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தொடப்போகிறார். கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். எங்கள் இரு வாசல்களுக்கும் நடுவே நாலடி தூரம்தான். சனிக்கிழமை காலையில் என் இட்லியைத் தட்டில் தட்டிப் பார்த்தேன். கல்லெறிந்தால் எழும் சத்தம் வந்தது! அவசரமாகச் செல்பேசியை எடுத்து இரண்டு பாக்கெட் மாவு தருவித்தேன். அரை மணியில் வந்தது. அதில் வார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஆஹா... தமிழ்க்காரர் கையால் அரைத்தால் அரைத்ததுதான்" என்றார் தீதி. நான் அதை மறுக்கவில்லை. அந்தக் கணத்தில் மறுத்திருந்தால் இன்று இந்த வாக்குமூலம் எதற்கு?

அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. உங்களிடம் மறைப்பானேன், அதைக் கலையாகவே வளர்த்தேன்.

வீட்டுக்கு வரும் மளிகையை உள்ளே தூக்கிக்கொண்டு போகவே கூடாது, தெரியுமா? வாசலிலேயே பிரித்துவிட வேண்டும். கதவுக்குப் பின்னால் செருப்பு அலமாரி. அதன் மேலே துடைத்த பலகை. பக்கத்தில் ஒரு முக்காலி, உட்கார்ந்துகொண்டே எடுக்க. கத்தரிக்கோல் ஆணியில் நூல்கட்டித் தொங்கும். குளிர்ந்தவை ஒரு கூடை, கனமானவை ஒரு கூடை, நசுங்கக்கூடியவை மேலே. குனிய வேண்டாம், இரண்டு தடவை நடக்க வேண்டாம். பத்தே நிமிடம்! இந்த முறையை நான் மாடி முழுவதற்கும் சொல்லிக்கொடுத்தேன். தீதி என் முதல் மாணவி. அதே மாதிரி ஒரு முக்காலி வாங்கித் தன் வாசலிலும் போட்டுக்கொண்டார்.

யாரிடமும் சொல்லாத ஒரு கூடை மட்டும் என்னிடம் இருந்தது. மாவுப் பாக்கெட்டுகளுக்கு. கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, பற்பசையைப் பிதுக்குவதுபோல அடியிலிருந்து அழுத்தித் தூக்கில் இறக்குவேன். காலி உறைகளைப் பழைய செய்தித்தாளில் மடித்து, குப்பை எடுக்க வரும் பெண்மணியிடம் பன்னிரண்டுக்குள் சேர்த்துவிடுவேன். கோமதி வீடு திரும்பும்போது குளிர்பெட்டியில் எவர்சில்வர் தூக்கு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும்.

கிரைண்டர் சத்தம் கேட்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதையும் ஓடவிடுவேன்! வெறும் கல் உருண்டால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒரு கைப்பிடி அரிசியை ஊறவைத்துப் போடுவேன். அரைந்ததைப் பாக்கெட் மாவோடு கலந்தும் விடுவேன். முழுப்பொய் இல்லையே, ஒரு கைப்பிடியாவது நான் அரைத்ததுதானே... என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

பஞ்சமி மாலை வரைக்கும்.

பூஜை தொடங்கும்போது எங்கள் குடியிருப்பில் ஆனந்தமேளா நடக்கும். பந்தலுக்கு எதிரே வரிசையாக மேசைகள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கையால் சமைத்ததைக் கொண்டுவந்து விற்பார்கள். ஒரே விதிதான், வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும். வருடாவருடம் முதல் பரிசு தீதியின் மோச்சார் சாப்புக்குத்தான். மோச்சா என்றால் நம் வாழைப்பூ. அதை உருளைக்கிழங்கோடு பிசைந்து, தேங்காய்ப் பல்லும் திராட்சையும் சேர்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். அதற்காகத் தீதி இரண்டு நாள் உட்கார்ந்து, விரலில் கடுகெண்ணெய் தடவிக்கொண்டு, ஒவ்வொரு பூவிலும் கள்ளன் எனும் நரம்பை எடுப்பார். பூஜை முழுவதும் அவர் விரல் நுனிகள் கறுத்தே இருக்கும்.

அந்த மாலை கமிட்டிக்காரர்கள் என் பெயரை அழைத்தார்கள்!

மேடையில் நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கில் சனி. வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இரண்டு நாளாக மாவு வழித்து வழித்துக் கை விட்டுப்போச்சு" என்று வேறு சொன்னேன். கூட்டம் சிரித்தது. முதலில் கைதட்டியவர் தீதி. அந்த விரல் நுனிகள் கறுத்திருந்தன. பரிசாகக் கிடைத்த ஹாட்கேஸ் இன்றும் என் செருப்பு அலமாரி மேலே இருக்கிறது. அதில் இதுவரை எதையும் வைக்க மனம் வரவில்லை.

நவம்பரில், நான் உயிரோடிருக்கிறேன் என்று நிரூபிக்க வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. ஓய்வூதியக்காரர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் சடங்கு. வரிசை நகரவே இல்லை. அன்றைக்கென்று டெலிவரிக்காரர் சீக்கிரமே வந்து செல்பேசியில் அழைத்தார். "வாசலில் வைத்துவிட்டுப் போங்கள்" என்றேன். வேறென்ன சொல்ல?

லிஃப்ட் கதவு திறந்தபோது தீதி தம் வாசலில், முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பால் வெயிலில் கெட்டுவிடும் என்று என் பைகளை எடுத்து, நான் கற்றுக்கொடுத்த முறைப்படியே பிரித்துவைத்திருந்தார். குளிர்ந்தவை ஒரு பக்கம், கனமானவை ஒரு பக்கம். அவர் மடியில், அழகாக அடுக்கி, ஆறு மாவுப் பாக்கெட்டுகள்!

லிஃப்ட் கதவு மூடிக்கொள்ளப் பார்த்தது, கையால் தடுத்துக்கொண்டு இறங்கினேன். தீதி நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நாங்கள் பேசுவது வங்காள மொழியில், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். 'பாபு' மட்டும் அங்கத்து மரியாதைச் சொல்.

"முரளி பாபு, கை வலி இவ்வளவு அதிகமாயிடுச்சா?"

எந்த வலி என்று யோசித்தேன்.

"மேளா அன்னிக்கே மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, நான் பார்த்தேன். கடைமாவு வாங்குற அளவுக்கு வந்துடுச்சு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! எனக்குத் தெரியும், உங்களுக்கு இது எவ்வளவு அவமானமா இருக்கும்னு. கவலைப்படாதீங்க, யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

சொல்லிக்கொண்டே, யாரும் பார்த்துவிடாதபடி, பாக்கெட்டுகளைத் தம் புடவைத் தலைப்பால் மூடினார்.

இப்போது சொல்லுங்கள், அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைச் சொல்லியிருப்பீர்கள். நல்லவர்கள் நீங்கள். நானோ... "ஆமாம் தீதி, கொஞ்ச நாளாவே" என்றேன்! பாக்கெட்டை வாங்கியது என் முதல் குற்றம் என்றால், அதைவிடப் பெரிய குற்றம் இந்த "ஆமாம்".

அன்று மாலையே தீதி தம் கணவர் போட்டிருந்த மணிக்கட்டுப் பட்டையைத் தேடியெடுத்துக்கொண்டு வந்தார். கோமதி எதிரிலேயே என் கையில் மாட்டிவிட்டார். கோமதி பதறிப்போனாள்.

"ரெண்டு வருஷமா நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்லா? கௌரவம் பாக்காம கடையில ஒரு பாக்கெட் மாவு வாங்கினா என்னங்க? நாக்குக்கு என்ன வித்தியாசம் தெரியப்போவுது?"

நான் பட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

மறுநாள் காவலாளி வந்து எங்கள் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டில் வைத்தார். தீதியின் உத்தரவு! "உங்க கை சரியாகுற வரைக்கும் நான் அரைக்கிறேன். அளவு மட்டும் சொல்லுங்க." எனக்கு அளவு எங்கே தெரியும்? குளியலறைக்குள் போய்ச் செல்பேசியில் தேடிப் பார்த்து வந்து சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினோரு மணிக்கு எதிர்வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. அதில் நான்கு பேர் சாப்பிடும் அளவுக்கு அரிசியும் உளுந்தும் நிஜமாகவே அரைபடுகின்றன.

அந்த மாவில் வார்த்த இட்லி எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? பஞ்சு! கோமதி நாலாவது இட்லியை எடுத்துக்கொண்டே, "கோவிச்சுக்காதீங்க, உங்க மாவைவிட இது நல்லாயிருக்குங்க" என்றாள். நான் ஏன் கோபித்துக்கொள்ளப் போகிறேன்? இரண்டாவது இட்லியோடு எழுந்து கைகழுவப் போனேன்.

சரஸ்வதி பூஜை அன்று எல்லாரும் பிரசாதக் கிச்சடிக்காக உட்கார்ந்திருந்தபோது, கமிட்டிச் செயலாளரிடம் தீதி சொன்னது என் காதில் விழுந்தது.

"வர்ற மேளாவுக்கு நான் கடை போடலை. முரளி பாபுவுக்கு மாவு அரைச்சுக் கொடுக்கப்போறேன். பதினோரு வருஷமா என் சாப்பையே சாப்பிட்டுச் சலிச்சுட்டாங்க, பாவம். போன வருஷம்தான் தெரிஞ்சுது."

சலிக்கவில்லை தீதி! யாருக்கும் சலிக்கவில்லை! நீங்கள் தோற்றது ஒரு கத்தரிக்கோலிடம்! இப்படிக் கத்த வேண்டும்போல இருந்தது. கையில் கிச்சடித் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சொல்லிவிடுவது என்று எத்தனை முறை கிளம்பியிருக்கிறேன் தெரியுமா? போன வாரம்கூட அவர் மணி அடித்தார். அவசரத்தில் பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். "தீதி, ஒரு விஷயம் சொல்லணும்..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பார்த்து வாயில் விரல் வைத்தார்.

"ஐயோ, இப்போ இடது கையுமா!"

மாலைக்குள் இரண்டாவது பட்டை வந்துவிட்டது. புதியது, அவர் காசில் வாங்கியது.

நேற்று மளிகை வந்தது. இரண்டு கைகளிலும் பட்டை. எனவே தீதியே என் வாசலுக்கு வந்து, என் முக்காலியில் உட்கார்ந்து, என் கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் பிரித்தார். நான் புது மாப்பிள்ளைபோல எதிரே நாற்காலியில் இருந்தேன். பால், தயிர், சோப்பு... கடைசிப் பையில் இரண்டு பெரிய வாழைப்பூக்கள். நான்தான் தருவித்திருந்தேன். என்னால் முடிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் தீதி. உங்க சாப் சாப்பிடணும்போல இருக்கு. மேளாவுலயும் நீங்க கடை போடணும்."

தீதியின் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! "உங்களுக்காகப் பண்றேன், இன்னிக்கே பண்றேன். மேளாவுக்கு இட்லி போதும், அது முடிஞ்சுபோன பேச்சு" என்றார். பிறகு கடுகெண்ணெய் கேட்டு வாங்கி விரலில் தடவிக்கொண்டு, என் வாசலிலேயே செய்தித்தாளை விரித்துப் பூவை உரிக்க ஆரம்பித்தார். கள்ளனை எடுத்து எடுத்து ஒரு பக்கம் போட்டார். ஊர்க்கதையெல்லாம் பேசினார், சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு பூ முடியவே முக்கால் மணி ஆகிவிட்டது. விரல் நுனிகள் கறுக்கத் தொடங்கின.

முதுகை நிமிர்த்திக்கொண்டு, "கூட ஒரு ஆள் உட்கார்ந்தா சட்டுனு முடிஞ்சுடும்" என்றார். சொன்னவுடனே என் கைகளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "சீ, உங்களைச் சொல்லலை முரளி பாபு. நீங்க கையை ஆட்டாம உட்காருங்க."

இரண்டாவது பூவை அவர் எடுத்தார். என் பத்து விரல்களும் நன்றாக இருக்கின்றன. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டாமல், உட்கார்ந்திருந்தேன்.