உட்தலைப்பு இல்லை

தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் எங்கள் கல்லூரியில் முதலில் கழிப்பறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இந்த முறை என் தமிழ் வகுப்புக்கும் அடித்தார்கள். சங்ககிரிக்குப் போகிற வழியில் பொட்டல்காட்டில் நிற்கிற கல்லூரி அது. முதல்வர் கூப்பிட்டார்.

“மேடம், பசங்க எழுதறத பசங்களே ஆன்லைன்ல படிச்சுக் கருத்துச் சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணிப்போடுங்க. கமிட்டில கேப்பாங்க.”

அவருக்கு வேண்டியது கமிட்டிக்குக் காட்ட ஒரு படம். எனக்கோ யோசனையே பிடித்துப்போனது, அதுதான் வினை. கணினியோடு மல்லுக்கட்டி நானே தளத்தை அமைத்தேன். எழுதியவர் பெயர் எனக்கு மட்டும்தான் தெரியும், படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு கட்டுரை நாலு பேருக்குப் போகும். எது மனதில் நின்றது, எது புரியவில்லை என்று அவர்கள் எழுதி, பத்துக்கு மதிப்பெண்ணும் போட வேண்டும். அதைப் பார்த்து எழுதியவர் திருத்தி எழுதலாம். தலைப்பு ‘எங்கள் வீடு’.

வந்து விழுந்த கட்டுரைகளில் எல்லா வீடும் கோயிலாக இருந்தது, எல்லாத் தாயும் தெய்வமாக இருந்தார். படிக்கப் படிக்கக் குமட்டியது. நடுவில் ஜலகண்டாபுரத்துப் பெண் ஒருத்தியின் கட்டுரை. ‘எங்கள் வீட்டில் யாரும் ரகசியம் பேச முடியாது’ என்று ஆரம்பித்திருந்தாள். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடுகிறது. உப்பு கேட்பதற்கும் கத்த வேண்டும். அதே தொண்டையோடு விடுதிக்கு வந்ததால் அவளுக்கு ‘மைக் செட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: ‘அம்மாவின் மெதுவான குரலைக் கரண்ட் போகும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.’

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கல்லூரி ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் இதைத்தான் போட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை தளத்தைத் திறந்தால் நாலு கருத்துகள். ‘முன்னுரை இல்லை.’ ‘உட்தலைப்பு இல்லை, அடிக்கோடு இல்லை.’ ‘மேற்கோள் இல்லாததால் மதிப்பெண் குறையும்.’ நாலாவது கருத்துதான் உச்சம்: ‘வீட்டில் சண்டை போடுவது போல் உள்ளது. நல்லதாக எழுதவும்.’ நாலு பேரும் போட்டது மூன்று மதிப்பெண்.

சே என்று ஆகிவிட்டது. ஆனால் யாரைத் திட்டுவது? பாதிப் பேர் இந்தப் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் வளர்ந்த பிள்ளைகள். விடியுமுன் எழுப்பித் தேர்வு வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவனிடம் தாளை மாற்றிக்கொண்டு, விடைக்குறிப்பைக் கையில் வைத்துத் திருத்த வேண்டும். குறிப்பில் இல்லாதது எதுவானாலும் தப்பு. தளத்தை விளக்கிய அன்றே ஒருவன் எழுந்து, “மேடம், ஆன்சர் கீ எப்பங்க குடுப்பீங்க?” என்று கேட்டிருந்தான். வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அவளைத் தேடிப் போவதற்குள் அவள் திருத்தி ஏற்றியிருந்தாள். முன்னுரை. ‘நெசவின் சிறப்பு’, ‘குடும்ப ஒற்றுமை’ என்று உட்தலைப்புகள். முடிவுரை. நாலு பேரும் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள்.

“பழையது எங்கேம்மா?” என்றேன்.

“அத அழிச்சுப்போட்டேனுங்க மேடம். புதுச ஏத்துனா பழசு போயிருமுங்களே.”

“அதுதான் நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை எழுதிக் குடு.”

“வேண்டாங்க மேடம்.” வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற குரல். “நாலு பேரும் தப்புன்னு சொல்லிட்டாங்கள்ல? அப்பறம், எங்கூட்டுல கத்துறது எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோகுமுங்க.”

முதல்வருக்கோ தலைகால் புரியவில்லை. மூன்றிலிருந்து பத்துக்கு ஏறுகிற கோட்டைத் திரையில் தட்டித் தட்டிக் காட்டினார். “பாத்தீங்களா மேடம், இம்ப்ரூவ்மென்ட்! கமிட்டி முன்னால இந்தப் புள்ளையவே படிக்கச் சொல்லுங்க.” முதல் கட்டுரைதான் கட்டுரை என்று சொல்லிப் பார்த்தேன். “அது கோட்டுல தெரியாதுங்களே,” என்றார். அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அதை வரைந்து கொடுத்தது நான் அமைத்த தளம்தான்.

குழு வந்த அன்று அரங்கில் புதுப் பெயின்ட் வாசனை. அவள் மேடையேறினாள். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற தொண்டை, அதன் முன்னால் மைக் வேறு.

“எங்கள் வீட்டில் அனைவரும் அன்பாக, மெதுவாகப் பேசிக்கொள்வோம்!”

முன்வரிசையில் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். “எதுக்கும்மா இப்படிக் கத்தறே? மெதுவா படி.”

அரங்கமே சிரித்தது. முதல்வரும் சிரித்தார். அவள் மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். மீதியை மெதுவாகவே படித்தாள். கடைசி வரிசையில் நின்றிருந்த எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.